கல்லூரி மாணவர்களுக்கு இலவச காம்பெடிட்டிவ் புரோகிராமிங் முகாம்: ஏழு நாளையும் திட்டமிட்டு நடத்த முழுமையான வழிகாட்டி

எந்தக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும் காம்பெடிட்டிவ் புரோகிராமிங்கில், அதாவது குறித்த நேரத்துக்குள் கணக்குகளுக்கு நிரல் எழுதி முடிக்கும் போட்டியில், கைதேர்ந்த மாணவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு இருப்பார்கள். இந்த இரண்டு தரப்பையும் ஒரு வாரம் ஒரே கூடத்தில் உட்கார வைத்தாலே பாதி முகாம் நடந்த மாதிரி. இதற்குக் கட்டணம் வசூலிக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதிய நிரலைத் தானாகத் திருத்தும் ஜட்ஜ் தளங்கள் இலவசம், அங்கே உள்ள கணக்குகள் இலவசம், படிக்கவேண்டிய பாடங்களும் இலவசம். இடம், மின்சாரம், இணைய இணைப்பு மூன்றையும் கல்லூரி தந்துவிட்டால் மீதியெல்லாம் ஆள்பலமும் திட்டமிடலும்தான்.

திட்டமிடலில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. கன்டெஸ்டில், அதாவது போட்டியில், முடியாமல் போன கணக்கைப் பிறகு உட்கார்ந்து சொந்தமாக முடிக்கிறார்களே, மாணவர்கள் தேறுவது அந்த நேரத்தில்தான். அப்சால்விங் என்பார்கள். பல முகாம்களில் காலையிலிருந்து மாலைவரை பாடம் ஓடும். அப்சால்விங்கை மட்டும் 'வீட்டில் போய்ப் பாருங்கள்' என்று விட்டுவிடுவார்கள். வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் முகாமில் ஒரு நாளின் பெரிய பகுதியை அதற்கு ஒதுக்குங்கள். பாடத்தைக் குறைத்துக்கொண்டாவது ஒதுக்குங்கள்.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்வது

'எல்லாரும் வரலாம்' என்ற அறிவிப்பு கேட்க நன்றாக இருக்கும், நடத்தும்போது கழுத்தைப் பிடிக்கும். ஃபார் லூப் எழுதத் தடுமாறுபவரும் செக்மென்ட் ட்ரீ போன்ற கடினமான டேட்டா ஸ்ட்ரக்சரை மனப்பாடமாக எழுதுபவரும் ஒரே பாடத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்குப் புரியாது, மற்றவருக்குத் தூக்கம் வரும். முதல் முறை நடத்துகிறீர்கள் என்றால் ஒரே மட்டத்தைக் குறிவையுங்கள்: ஏதாவது ஒரு மொழியில் லூப், அரே, ஃபங்ஷன் எழுதத் தெரிந்தவர், ஆனால் கன்டெஸ்ட் பழக்கம் இல்லாதவர். தேர்ந்த மாணவர்களுக்குத் தனிப் பிரிவு வைப்பதைவிட அவர்களை மென்டார் (வழிகாட்டி) ஆக்குவது இரு தரப்புக்கும் நல்லது.

எண்ணிக்கையை மென்டார்களை வைத்து முடிவு செய்யுங்கள், கூடத்தில் உள்ள நாற்காலிகளை வைத்து அல்ல. ஒரு மென்டாருக்கு எட்டு முதல் பத்து மாணவர்கள். அதற்கு மேல் போனால், சந்தேகம் கேட்கக் கை தூக்கியவர் காத்திருந்தே சோர்ந்துவிடுவார். நான்கு மென்டார் இருந்தால் நாற்பது பேர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது

இலவசம் என்றால் பெயர் கொடுப்பவர்கள் ஏராளம், கடைசி நாள்வரை வருபவர்கள் குறைவு. பணம் கேட்காமலே ஈடுபாட்டை அளக்கலாம். விண்ணப்பத்தோடு சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள்: சிஎஸ்இஎஸ் என்ற இலவசப் பயிற்சித் தளத்தின் அறிமுகப் பகுதியில் ஐந்து கணக்குகளை முடித்துவிட்டு வர வேண்டும், இரண்டு வாரம் அவகாசம். எந்த உதவியும் தேடிப் படிக்கலாம், ஆனால் கோடு (நிரல்) சொந்தமாக இருக்க வேண்டும்.

அந்தப் பகுதியின் முதல் கணக்கே நல்ல சல்லடை. ஓர் எண் தருவார்கள். இரட்டை என்றால் பாதியாக்க வேண்டும், ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும், 1 வரும்வரை ஒவ்வோர் எண்ணையும் அச்சிட வேண்டும். எழுத ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் உள்ளீடு 10 லட்சம் வரை போகலாம். 113383 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், போகிற வழியில் 248 கோடியைத் தொடும். முழு எண்ணைச் சேமிக்கும் சாதாரண 32 பிட் இன்ட்டின் உச்சம் 2147483647, அதாவது 214 கோடிச் சொச்சம். சி++இல் இன்ட் போட்டவருக்கு அங்கே விடை கந்தலாகிவிடும். 'மாதிரி உள்ளீட்டுக்குச் சரியாகத்தானே வருகிறது, ஜட்ஜ் ஏன் தவறு என்கிறது?' என்று கேட்டு ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால் அவரைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கிற அளவுக்கு அவர் அந்தக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் ஆன்லைனில் 90 நிமிடத் தேர்வுக் கன்டெஸ்ட் ஒன்று வையுங்கள். கோட்ஃபோர்சஸ் என்ற போட்டித் தளத்தின் கடின அளவுகோலில் 800 முதல் 1200 வரையுள்ள நான்கு கணக்குகள் போதும். அந்தத் தளத்தில் 800தான் மிக எளிய மட்டம். பாதி இடங்களை ரேங்க் பார்த்து நிரப்பலாம். மீதியை, கன்டெஸ்ட் முடிந்த அடுத்த மூன்று நாளில் விட்டுப்போன கணக்குகளை யார் முடித்தார்கள் என்று பார்த்து நிரப்புங்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது பாதிதான் முகாமைத் தாங்கும். முதலாண்டு மாணவர்களுக்குச் சில இடங்களைத் தனியாக வைப்பதும் நல்லது. அவர்களுக்கு முன்னால் இன்னும் பல வருடக் கன்டெஸ்டுகள் இருக்கின்றன, கற்றதை அடுத்தவருக்குச் சொல்லித்தரவும் நேரம் இருக்கிறது.

படி 3: மென்டார்களைத் தயார் செய்வது

சீனியர்கள், படித்து முடித்துப் போனவர்கள், ஆர்வமுள்ள ஆசிரியர்கள் என்று யாராக இருந்தாலும் சரி, முகாமுக்கு முன் ஒரு நாள் அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். நன்றாகக் கணக்குப் போடுகிறவர் நன்றாகச் சொல்லித்தருவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேகமானவர்களுக்கு விடை நாக்கு நுனியிலேயே நிற்கும், மாணவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார்கள்.

மூன்று விதிகள் போதும். மாணவரின் கீபோர்டைத் தொடக்கூடாது. முதலில் மாணவர் தன் யோசனையை வாயால் சொல்ல வேண்டும், மென்டார் அதுவரை கேட்கத்தான் வேண்டும். கோடில் தவறு எங்கே என்று காட்டக்கூடாது. எந்த உள்ளீட்டுக்கு அந்தக் கோடு தவறான விடை தருகிறது என்று மாணவரையே கண்டுபிடிக்க வைக்க வேண்டும்.

பாடம், கன்டெஸ்ட் எதிலும் கைவைக்காத ஒருவரை நிர்வாகத்துக்கென்று தனியாக நியமியுங்கள். பூட்டிய கதவு, இயங்காத பிளக், வராத இணையம், உணவு நேரம் எல்லாம் அவர் பொறுப்பு. இவர் இல்லாத முகாமில் கணக்கு அமைக்கிறவரே சாவிக்கு அலைவார்.

படி 4: ஜட்ஜும் கணினிகளும்

கோட்ஃபோர்சஸில் தனிக் குழு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கணக்குகளைத் தேர்ந்தெடுத்து மேஷப் என்ற பெயரில் உங்களுக்கென்று ஒரு கன்டெஸ்ட் கோத்துவிடலாம். சொந்தமாகக் கணக்கு எழுதுவதென்றால் அதே தளத்தைச் சேர்ந்த பாலிகான் இருக்கிறது: கேள்வித்தாள், டெஸ்ட் உருவாக்கும் ஜெனரேட்டர், உள்ளீடு விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேட்டர், விடையைச் சரிபார்க்கும் செக்கர் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இணையத்தை நம்ப முடியாத இடம் என்றால் கல்லூரிக்குள்ளேயே டோம்ஜட்ஜ் நிறுவலாம். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச புரோகிராமிங் போட்டியான ஐசிபிசியின் உலக இறுதிப் போட்டியிலேயே பயன்பட்டது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க லினக்ஸ் நன்கு தெரிந்த ஒருவர் முழுநேரமும் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் கோட்ஃபோர்சஸ் குழுவே போதும்.

அக்கவுண்ட் தொடங்குவது, குழுவில் சேர்வது, கம்பைலர் நிறுவுவது, ஒரு 'ஹலோ வேர்ல்டு' சப்மிட் செய்து 'சரி' என்பதற்கான பச்சை நிறம் பார்ப்பது எல்லாம் முகாமுக்கு முந்தைய வாரமே முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் காலையில் இதை வைத்தால் அரை நாள் போய்விடும்.

மொழியைப் பற்றி எப்போதும் கேள்வி வரும். புதிதாகக் கற்பவர் சி++ எடுப்பது நல்லது: வேகமும், மேப், செட், பிரயாரிட்டி கியூ போன்ற ஆயத்த டேட்டா ஸ்ட்ரக்சர்களும் கையில் கிடைக்கும். ஏற்கெனவே பைத்தானில் யோசிப்பவரை ஒரே வாரத்தில் மாற்றப் பார்க்காதீர்கள். சப்மிட் செய்யும்போது சாதாரண பைத்தானுக்குப் பதில் அதே கோடை வேகமாக ஓட்டும் பைபை தேர்வு செய்யச் சொன்னால் பெரும்பாலான கணக்குகளில் தப்பித்துவிடுவார். சி++காரர்களுக்கு இன்னொன்று: லட்சக்கணக்கான வரிகளை அச்சிடும்போது ஒவ்வொரு வரியையும் முடிக்க எண்டல் (endl) போட்டால் ஒவ்வொரு தடவையும் பஃபர் காலியாகி நேரம் போகும். சரியான அல்காரிதம் எழுதியும் 'நேரம் கடந்தது' என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

படி 5: ஒரு நாளின் அமைப்பு

காலை 9 மணிக்குப் பாடம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. 10.30 முதல் 1 மணிவரை கன்டெஸ்ட். உணவுக்குப் பின் 2 முதல் 5.30 வரை அப்சால்விங். கடைசியாக முக்கால் மணி நேரம் கலந்துரையாடல். இரவில் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். தூக்கமில்லாத மூளையால் டைனமிக் புரோகிராமிங் படிக்க முடியாது.

கன்டெஸ்டில் அன்றைய பாடத்தின் கணக்குகளை மட்டும் வைக்காதீர்கள் என்று குறிப்பாகச் சொல்கிறேன். காலையில் பைனரி சர்ச் (பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) நடத்திவிட்டு ஐந்து பைனரி சர்ச் கணக்கு கொடுத்தால், எதைப் பார்த்தாலும் பைனரி சர்ச் போடுவார்கள், பச்சையும் வரும். உண்மையான போட்டியில் எந்த உத்தி என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஆகவே ஐந்தில் இரண்டு அன்றைய பாடம், இரண்டு முந்தைய நாள்களுடையது, ஒன்று எந்தப் பாடமும் வேண்டாத, யோசித்தாலே விடை வருகிற கணக்கு. வரிசையையும் கலைத்துவிடுங்கள்; எது எளிது என்று தேடிப் பிடிப்பதும் பயிற்சிதான்.

படி 6: பாடத்திட்டம்

முதல் நாள் முழுவதும் ஒரே விஷயம்: உள்ளீட்டின் அளவைப் பார்த்து எந்த வேகம் வேண்டும் என்று கணிப்பது. ஒரு விநாடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று வைத்துக்கொண்டால், கேள்வித்தாளின் கடைசிப் பத்தியே பாதி விடையைச் சொல்லிவிடும். அளவு 20 என்றால் எல்லாத் துணைக்கணங்களையும் பார்க்கலாம், 10 லட்சம் சொச்சம்தான் வரும். 500 என்றால் மூன்று லூப் ஒன்றுக்குள் ஒன்று போடலாம், 12.5 கோடி வரும். 5000 என்றால் இரண்டு லூப். 2 லட்சம் என்றால் ஒரே லூப், கூடவே ஒரு லாக் (மடக்கை). அளவு கோடிகோடியாகப் போனால் சூத்திரம் அல்லது வெறும் லாக். இந்தக் கணிப்பு ரத்தத்தில் ஊறிவிட்டால் மற்றப் பாடங்கள் தானாக ஒட்டும். அன்றைய மதியம் கோடே எழுத விடாமல், இருபது கேள்வித்தாள்களை மட்டும் கொடுத்து எந்த வேகம் போதும் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் பிரிஃபிக்ஸ் சம் (தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடம்வரையான கூட்டுத்தொகை), டூ பாயின்டர் (இடது, வலது முனைகளை நகர்த்திக்கொண்டே போவது), பைனரி சர்ச். பைனரி சர்ச்சை வரிசையில் எண் தேடுவதோடு நிறுத்தாமல், 'விடை இதுவாக இருந்தால் முடியுமா முடியாதா' என்று விடையின் மீதே தேடுவதுவரை கொண்டுபோங்கள். மூன்றாம் நாள் கிராஃப், அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் பாதைகளும்: பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ், குறைந்த தூரம் காணும் டைக்ஸ்ட்ரா. எதிர்மறை எடையுள்ள பாதையில் டைக்ஸ்ட்ரா ஏன் உடைகிறது என்பதை மூன்று முனை வரைந்து காட்டுங்கள்.

நான்காம் நாள் கிரீடி (அந்தந்த நேரத்தில் சிறந்ததாகத் தெரிவதை எடுப்பது), ஐந்தாம் நாள் டைனமிக் புரோகிராமிங். இந்த இரண்டையும் ஒட்டியே வைக்க வேண்டும். கிரீடி பாடத்தின் கடைசியில் ஒரு கணக்கு: 1, 3, 4 மதிப்புள்ள நாணயங்கள், 6 வேண்டும், எத்தனை குறைந்த நாணயங்களில் தரலாம்? பெரியதிலிருந்து எடுத்தால் 4, 1, 1 என மூன்று. 3, 3 என இரண்டிலேயே முடிந்திருக்கும். அன்று மாலை அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை அதே கணக்கிலிருந்து தொடங்கினால், 'ஒவ்வொரு தொகைக்கும் சிறந்த விடையைச் சேமித்து வைத்துக்கொண்டால் என்ன' என்று கூட்டத்திலிருந்தே யாராவது சொல்வார்கள். டிபி, அதாவது டைனமிக் புரோகிராமிங், என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பயிற்சிக்கு அட்கோடர் தளத்தின் எஜுகேஷனல் டிபி கன்டெஸ்டைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. 26 கணக்குகள், முதல் ஐந்தை முகாமில் போட்டால் மீதியை அவர்களே பிறகு தொடர்வார்கள்.

ஆறாம் நாள் எண்கள்: சல்லடை முறையில் பகா எண்கள், மீப்பெரு பொதுக் காரணி, 1000000007 என்ற பகா எண்ணால் வகுத்து மீதி எடுத்துக் கணக்கிடுவது. ஏழாம் நாள் பாடமே கிடையாது.

ஃபுளோ, சஃபிக்ஸ் அரே, எஃப்எஃப்டி போன்ற மேல்மட்ட உத்திகள் எல்லாம் இந்த வாரத்துக்கு வேண்டாம். பெயர்கள் கவர்ச்சியானவை, மாணவர்களே கேட்பார்கள், மென்டார்களுக்கும் நடத்த ஆசை இருக்கும். இவர்கள் தங்கள் மட்டத்தில் கணக்குகளில் தோற்பது அவை தெரியாததால் அல்ல.

படி 7: கன்டெஸ்ட் கணக்குகளை அமைப்பது

ஒவ்வொரு கன்டெஸ்டிலும் எல்லாரும் ஒன்றாவது முடிக்க வேண்டும், முதலிடம் பெறுபவர் ஒன்றையாவது முடிக்காமல் இருக்க வேண்டும். மென்டார் ஒருவர் முன்கூட்டியே முழு கன்டெஸ்டையும் நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். அவருக்கு 40 நிமிடம் ஆனால் மாணவர்களுக்கு இரண்டரை மணி நேரம் ஏறத்தாழச் சரியாக இருக்கும்.

கேள்வித்தாளைவிட டெஸ்ட் கேஸ் முக்கியம். இரண்டாம் நாளுக்குப் பொருத்தமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 லட்சம் எண்கள் கொண்ட ஒரு வரிசை, எதிர்மறை எண்களும் இருக்கலாம், ஒவ்வோர் எண்ணும் 100 கோடி வரை போகலாம். கூட்டுத்தொகை சரியாக கே (கேள்வியில் தரப்படும் ஓர் எண்) வருகிற தொடர் துண்டுகள் எத்தனை? இதற்கு டெஸ்ட் எழுதும்போது ஒவ்வொரு தவறான வழியையும் நினைத்து ஒரு டெஸ்ட் வைக்க வேண்டும். இரண்டு லூப் போடுபவரை நீளமான வரிசை பிடிக்கும். டூ பாயின்டர் போடுபவரை எதிர்மறை எண் பிடிக்க வேண்டும்: 3, −3, 3 என்ற வரிசை, கே 3 என்றால் சரியான விடை மூன்று, கூட்டுத்தொகை கே-யைத் தாண்டினால் மட்டும் இடது முனையை நகர்த்தும் டூ பாயின்டர் இரண்டு என்று சொல்லும். கூட்டுத்தொகையை இன்ட்டில் வைத்தவரைப் பெரிய எண்கள் பிடிக்கும். இன்னொரு பொறி பலருக்குத் தோன்றாது: எல்லாம் பூஜ்யம், கே-யும் பூஜ்யம் என்றால் எல்லாத் துண்டுகளும் கணக்கில் வரும், விடையே 2000 கோடியைத் தாண்டும். கூட்டுத்தொகைக்குப் பெரிய எண்களைத் தாங்கும் லாங் லாங் போட்டுவிட்டு எண்ணிக்கைக்கு இன்ட் போட்டவர் அங்கே விழுவார். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் தவறான கோடு பச்சை வாங்கும். அந்தத் தவறான நம்பிக்கையோடு மாணவர் உண்மையான போட்டிக்குப் போவார். அதனால்தான் டெஸ்ட் விஷயத்தில் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நேர வரம்பை உங்கள் சரியான கோடு எடுக்கும் நேரத்தைப்போல மூன்று நான்கு மடங்காக வையுங்கள். ஆனால் தவறான வேகமுள்ள கோடு அதற்குள் நுழைந்துவிடுகிறதா என்றும் எழுதிப் பாருங்கள்.

படி 8: அப்சால்விங் நேரம்

2 மணிக்கு எல்லாரும் திரும்பி வந்ததும் விடைகளை விளக்கிவிடாதீர்கள். விளக்கிவிட்டால் மதியம் முழுவதும் தட்டச்சுப் பயிற்சியாகிவிடும். முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறிப்பும் கிடையாது, ஒவ்வொருவரும் விட்டுப்போன கணக்கில் ஒன்றை எடுத்து முட்டிப் பார்க்க வேண்டும். 3 மணிக்கு ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிக் குறிப்பு. 4 மணிக்கு இரண்டாவது குறிப்பு. 4.45க்கு மேல்தான் முழு விளக்கம், அதுவும் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். எடிட்டோரியலை, அதாவது விடை விளக்கத்தை, இப்படி மூன்று துண்டாக எழுதி வைத்துக்கொள்வது மென்டார்களுக்குக் கூடுதல் வேலைதான், ஆனால் முகாமின் பலன் இதில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன கணக்கையே வைத்து ஒரு மேஜையில் ஒரு மாணவிக்கும் மென்டார் அக்காவுக்கும் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அக்கா, மாதிரிக்கெல்லாம் சரியா வருது. நேரம் கடந்ததுன்னு சொல்லுது."

"சரி, உன் யோசனை என்ன, சொல்லு."

"ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒவ்வொரு முடிவையும் பார்க்கிறேன். பிரிஃபிக்ஸ் சம் வெச்சிருக்கேன், அதனால கூட்டல் ஒரே ஸ்டெப்."

"நீளம் 2 லட்சம். எத்தனை ஜோடி?"

"2000 கோடி... ஐயோ, 200 விநாடி ஆகும்."

"முடிவை ஒரு இடத்துல நிறுத்திக்கோ. அப்போ தொடக்கத்துக்கிட்ட நீ என்ன தேடுற?"

"இங்கே வரைக்குமான பிரிஃபிக்ஸ்ல இருந்து கே-யைக் கழிச்சா வர்ற எண். முன்னாடி அது எத்தனை தடவை வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சுக்க என்ன வேணும்?"

"மேப்!"

அக்கா அங்கிருந்து எழுந்துவிட வேண்டும். இன்ட் பிரச்சினை, தொடக்கத்தில் பூஜ்யத்தை மேப்பில் போட மறப்பது எல்லாம் இனிமேல் வரும், வரட்டும். அவளே ஜட்ஜிடம் சிவப்பு வாங்கித் திரும்பக் கூப்பிடுவாள்.

சிவப்பு ஏன் வருகிறது என்று புரியாதபோது என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள். மெதுவான, ஆனால் நிச்சயம் சரியான ஒரு கோடு எழுதுவது. சின்னச் சின்ன ரேண்டம் உள்ளீடு தரும் ஒரு ஜெனரேட்டர் எழுதுவது. இரண்டு கோடின் விடையும் எங்கே முதலில் வேறுபடுகிறது என்று ஸ்கிரிப்ட் வைத்துத் தேடுவது. ஸ்ட்ரெஸ் டெஸ்டிங் என்று பெயர். உள்ளீட்டைச் சின்னதாக வைப்பதுதான் சூட்சுமம்: நீளம் 5, எண்கள் −3 முதல் 3 வரை என்று வைத்தால் உடைக்கும் உதாரணம் கையால் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிறியதாகக் கிடைக்கும்.

கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: எங்கே சிக்கினேன், எதைக் கவனித்திருந்தால் முன்பே வந்திருக்கும். 'டிபி தெரியவில்லை' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். 'உள்ளீட்டின் அளவு 5000 என்பதைக் கவனிக்கவில்லை, இரண்டு லூப் போதும் என்று தெரிந்திருந்தால் ஸ்டேட் புரிந்திருக்கும்' என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

படி 9: மூன்று பேர், ஒரு கணினி

ஐசிபிசி பாணிப் போட்டியில் டீமுக்கு மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். யார் அதிகம் கணக்கு முடித்தார்கள் என்பது முதலில். சமமானால் மொத்த நேரம். முடித்த கணக்கில் முன்பு போட்ட ஒவ்வொரு தவறான சப்மிஷனுக்கும் 20 நிமிடம் கூடும். முடிக்காத கணக்கின் தவறுகளுக்கு அபராதம் இல்லை. இந்த விதிகள் தெரியாமலேயே பலர் போட்டிக்குப் போகிறார்கள்.

ஐந்தாம் நாள் மாலை டீம் பிரியுங்கள், ஆறாம் நாள் கன்டெஸ்டை டீமாக வையுங்கள். மூன்று பலசாலிகள் ஒன்றாகச் சேர ஆசைப்படுவார்கள். பயிற்சி முகாமில் அதைத் தவிர்த்து, மட்டம் கலந்தே அமையுங்கள். கீபோர்டு அரிதான பொருள் என்பதைப் பழக்குவதுதான் அன்றைய வேலை. யோசனை முடியாமல் யாரும் கணினி முன் உட்காரக்கூடாது. தாளில் முக்கிய வரிகளை எழுதிக்கொண்டு வர வேண்டும். சிவப்பு வாங்கியவர் கோடைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் உட்கார வேண்டும். திரையை வெறித்துக்கொண்டு டீபக் செய்யும் பத்து நிமிடம் மற்ற இருவருடைய நேரமும்தான்.

படி 10: காப்பியும் ஏஐயும்

கன்டெஸ்ட் நேரத்தில் பிறர் கோடு, சாட்பாட், ஏஐ மூலம் தானாகக் கோடு நிரப்பும் எடிட்டர் வசதி எதுவும் கூடாது. இதைக் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்: நேரடிப் போட்டிக் கூடத்தில் இவை கிடைக்காது, அதோடு இங்கே பரிசும் இல்லை, சான்றிதழில் ரேங்கும் இல்லை, ஏமாற்றி அடைய எதுவும் இல்லை. அப்சால்விங் நேரத்திலும் முழுக் கோடைக் கேட்பதை அனுமதிக்காதீர்கள். தானே பச்சை வாங்கிய பிறகு, தன் கோடை இன்னும் சுருக்கமாக எழுத முடியுமா என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். யாராவது மீறினால் கூட்டத்தில் அவமானப்படுத்தாமல் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கோடை வரிவரியாக விளக்கச் சொன்னால் போதும்.

படி 11: கடைசி நாளும் அதன் பிறகும்

ஏழாம் நாள் ஐந்து மணி நேர டீம் கன்டெஸ்ட், எட்டு கணக்குகள். ஸ்கோர்போர்டைப் பெரிய திரையில் காட்டுங்கள், கடைசி ஒரு மணி நேரம் புதிய முடிவுகள் தெரியாதபடி உறைய வையுங்கள். முடித்த கணக்குக்கு மேஜையில் ஒரு பலூன் கட்டும் ஐசிபிசி வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்; கணக்குக்கு ஒரு நிறம். வாழ்க்கையில் முதல் பலூன் வாங்கும் டீமின் முகத்தைப் பார்த்தால் எதற்கென்று கேட்க மாட்டீர்கள். முடிந்ததும் உறைந்த முடிவுகளைக் கடைசி இடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள்.

நிறைவு விழாவைச் சுருக்கமாக முடித்துவிட்டு அடுத்த மூன்று மாதத்துக்கான அட்டவணையை அங்கேயே கையில் கொடுங்கள். வாரம் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து ஒரு கன்டெஸ்ட்: அட்கோடரின் பிகினர் கன்டெஸ்ட் 100 நிமிடம்தான், அல்லது கோட்ஃபோர்சஸில் பழைய கன்டெஸ்ட் ஒன்றை வர்ச்சுவலாக, நேரம் ஓட ஓடப் போடலாம். அதற்கடுத்த நாள் இரண்டு மணி நேர அப்சால்விங், அதே மென்டார்களோடு. கூட்டம் குறையும். பத்துப் பேர் தொடர்ந்து வந்தாலும் போதும், அடுத்த முகாமின் மென்டார்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

மாணவர்கள் கிளம்பியதும் அமைப்பாளர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்குக்கும் எத்தனை பேர் கன்டெஸ்டில் முடித்தார்கள், எத்தனை பேர் அப்சால்விங்கில் முடித்தார்கள் என்று எழுதி வையுங்கள். இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்கும் கணக்கு அடுத்த முறை வேண்டாம். அது அவர்களின் மட்டத்துக்கு மேலே இருந்திருக்கிறது, அல்லது உங்கள் குறிப்புகள் உதவவில்லை. பாலிகானில் உள்ள கணக்குகள், மூன்று துண்டு எடிட்டோரியல்கள், இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து அடுத்த ஆண்டு நடத்தப்போகும் இருவருக்கு அன்றே அனுமதி கொடுத்துவிடுங்கள்.